ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டு

— …நாலு கிண்ணம் சூப்பு டாக்டரம்மா. கொதிக்கக் கொதிக்க நாலு கிண்ணம். தட்டுல வச்சு அடுப்படியில இருந்து வாசல் மேசை வரைக்கும் தூக்கிட்டுப் போனாரு. ஒரு சொட்டு சிந்தல. வேற யாரு, இந்த மனுஷன்தான்.

— அம்மா, முட்டியை ஆட்டாதீங்க. அக்குபஞ்சர் ஊசி இறங்கிட்டிருக்கு.

— ஆட்டல, ஆட்டல. ஏங்க, திரைக்கு அந்தப் பக்கம் முழிச்சிட்டுத்தானே கெடக்கீங்க? நீங்களே சொல்லுங்க, சிந்துச்சா?

— சிந்தல.

— கேட்டீங்களா? குரல் மட்டும் இன்னும் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரிதான் வருது. அது கெடக்கட்டும். இந்த வசந்தத்துல எப்படி இருந்தாரு தெரியுமா? மத்தியானம் கூட்டம் நெரியுற நேரத்துல கடை வாசப்படில கால் ஒட்டிக்கும். பசை போட்ட மாதிரி. பின்னாடி ஆறு பேரு சூப்புக்குக் காத்துட்டு நிப்பாங்க, இவரு நடுவுல சிலை மாதிரி. ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அதுதான் எனக்கு அழுகையா வரும். பெரிய ஆஸ்பத்திரில பார்க்கின்சன்னு சொல்லி மூணு வருஷம் ஆச்சு. மூணு வருஷமா அவங்க மாத்திரைதான். என்ன பிரயோஜனம்? உங்க கஷாயம் மூணே மாசத்துல ஆளை எழுப்பி நிறுத்திருச்சு. சொல்லிட்டேன், ஆமா.

— மாத்திரையை நிறுத்தலையே?

— நிறுத்தல. அதுபாட்டுக்கு அது. சாப்பிட்டு அரை மணி கழிச்சு ஒண்ணு, மூணு வேளையும் நான்தான் எடுத்துக் குடுக்குறேன். பாக்கெட்லயே அச்சடிச்சிருக்கே, சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணின்னு. அதுல எல்லாம் நான் கண்டிப்பு.

— சரி. இப்ப பாதத்துல ஒண்ணு. இழுத்து மூச்சு விடுங்க.

— ஸ்… இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, இவரு இந்த வைத்தியத்தையே நம்பாத ஆளு. புல்லும் வேரும் வேக வச்சுக் குடிச்சா பசுமாட்டுக்கு ஆகும்னு சிரிப்பாரு. எங்க மாமியார் ஜின்செங் வேர் குடுத்தாக்கூட நாய்க்கு வச்சவரு. அப்படிப்பட்டவரு ஜூன் மாச மழையில, கடையைச் சாத்துடி, சந்தைக்குப் பின்னாடி இருக்காங்களே மூலிகை டாக்டரம்மா, அங்க போவோம்னு என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாரு. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?

— நல்லா இருக்கு. நாடியைக்கூட நான் இன்னும் பாக்கல, அதுக்குள்ள ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. இந்த மருந்துக்குப் பத்தியம் உண்டா, என்னென்ன தொடக்கூடாதுன்னு.

— எழுதியும் வாங்கினாரே. பெரிய எழுத்துல எழுதுங்க, முத்திரையும் குத்துங்கன்னாரு. பன்னி கூடாது, கோழி கூடாது, மைதா கூடாது, சாராயம் கூடாது. நான் அதை ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கேன். பன்னிச் சூப்புக் கடைக்காரி வீட்டு ஃப்ரிட்ஜ்ல பன்னி கூடாதுன்னு சீட்டு. வர்றவங்க எல்லாம் சிரிக்கிறாங்க, எங்க பையன் ஜேகுகூடச் சிரிக்கிறான்.

— உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும்.

— என்னத்தச் சொல்ல. மிர்யாங் ஊர்ச் சந்தையில இருபத்தாறு வருஷமா அந்த அண்டா வேகுது. ஊருக்கெல்லாம் ஊத்திட்டு, கட்டினவருக்கு மட்டும் அரிசிக் கஞ்சியும் கீரையும் வைக்கணும்னா மனசு கேக்குமா? நாலு கிலோ இளைச்சுட்டாரு. இடுப்புல கால்சட்டை நிக்க மாட்டேங்குது. ஆனா சீட்டை மீறல. ஒரே ஒரு நாள்தான், சூசோக் அறுவடைப் பண்டிகை அன்னிக்கு அவங்க அண்ணன் வீட்டுல. வேகவச்ச பன்னி விலாக்கறியை ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டாரு, நான் தடுக்குறதுக்குள்ள. அப்புறம் முன்னோருக்கு விழுந்து கும்பிட்டாரு பாருங்க, விழுந்தவரு எந்திரிக்கவே இல்ல. நெத்தி தரையில. அண்ணன், சித்தப்பா எல்லாரும், அட, தம்பிக்கு என்ன பக்தின்னு பாத்துட்டு நிக்கிறாங்க. எனக்குத்தான் தெரியும், உடம்பு பூட்டிக்கிச்சுன்னு. சீட்டை மீறினதுல உங்க கஷாயம் கோச்சுக்கிச்சு. வேற என்ன?

— எத்தனை மணிக்குச் சாப்பிட்டாரு, எத்தனை மணிக்குப் பூட்டிக்கிச்சு?

— அதெல்லாம் யாரு பாத்தா. சாப்பிட்டு மாத்திரை குடுத்தேன், ஒரு மணி நேரம் இருக்கும். ஏன்?

— ஒண்ணுமில்ல. கேட்டேன்.

— ஆங், இதைக் கேக்கத்தான் வந்தேன். கஷாயம் இந்த மாசத்தோட முடியுது. அடுத்த வாரம் இவருக்குப் பொறந்த நாளு. சீட்டைக் கிழிச்சுறலாமா? அன்னிக்குக் காலைல அண்டாவுல முதல் கிண்ணம் இவருக்குத்தான். கழுத்துக்கறியா, கொழுப்பும் சதையும் கலந்து, வாங்கி வைக்கச் சொல்லிட்டேன். நாலு கிலோவையும் ஒரு மாசத்துல ஏத்திருவேன்.

— அதைப் பத்திப் பேசுவோம்மா. நீங்க இப்ப கண்ணை மூடுங்க. இருபது நிமிஷம்.

— மூடுறேன். எனக்கு ஊசி குத்தினா உடனே தூக்கம் வந்துரும். மூணாம் கட்டில்ல யாரு, டாக்சி ஓட்டுற மேங்கா? செருப்பைப் பாத்தேன்.

— ஆமா, கழுத்து வலி. முட்டிக்கு வச்ச விளக்குச் சூடு போதுமா?

— போதும், போதும். சொல்ல மறந்துட்டேன், கொல்லையில பெர்சிமன் பழ மரம் இந்த வருஷம் காய்ச்சுத் தள்ளுது. நாலு வருஷமா ஒரு பிஞ்சு இல்ல. உங்களுக்கு ஒரு பை கொண்டாந்து வாசல்ல வச்சிருக்கேன். எங்க வீட்டுக்கே நல்ல காலம் வந்துருச்சு.

— ரொம்ப நன்றிம்மா. தூங்குங்க.

— …

— ஐயா, இப்ப உங்க முறை. கையை நீட்டுங்க. நடுக்கம் இருந்தா இருக்கட்டும், அடக்க வேணாம்.

— டாக்டரம்மா.

— சொல்லுங்க.

— கேக்குதா? குறட்டை.

— கேக்குது. அம்மா சீக்கிரமே தூங்கிட்டாங்க.

— அவ அப்படித்தான். அதென்னவோ, தலை சாஞ்சாப் போதும்.

— அப்ப நாம கொஞ்சம் மெதுவாப் பேசலாம். ஐயா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும். வயிறு எப்படி? காலைக்கடன் சரியாப் போகுதா?

— எங்க. மூணு நாளைக்கு ஒரு தடவை. அதுவும் போராட்டம்.

— மூணு மாசமாவே அப்படியா?

— மூணு வருஷமா.

— பாருங்க, உங்களுக்கு நான் குடுத்த கஷாயத்துல குடலை இளக்குற சரக்கு ரெண்டு இருக்கு. கூடவே போட்டிருக்கேன், இந்த நோவுல எல்லாருக்கும் மலச்சிக்கல் வரும்னு. கல்லை விழுங்கினவனுக்குக்கூட அது மூணாம் நாள் வேலை செய்யும். உங்களுக்கு மட்டும் ஏன் செய்யல?

— அதென்னவோ…

— குடிக்கலையா?

— குடிக்கல.

— எத்தனை நாளா?

— ஒரு நாளும் குடிக்கல.

— அம்மா கண்ணு முன்னாடிதானே குடுக்குறாங்க.

— சுட வச்சு, பாக்கெட் மூலையை வெட்டி, கிண்ணத்துல ஊத்திக் குடுப்பா. காத்தாடக் குடிக்கிறேன்னு கொல்லைப்புறம் போவேன். அங்க அந்த மரம் இருக்கு.

— எந்த மரம்?

— பெர்சிமன் மரம்.

— …ஓ.

— தப்புதான்.

— நாலு வருஷமாக் காய்க்காத மரம்.

— நானும் பாத்தேன். வேர்ல ஊத்தினதுக்கு நல்லாத்தான் பிடிச்சிருக்கு.

— மரத்துக்காவது ஜீரணம் ஆச்சே. இல்லய்யா, சிரிக்கக் கூடாது, ஊசி இருக்கு. …சிரிக்கிற விஷயமும் இல்ல. உங்க மனைவி சொல்லி ஒம்பது பேரு இந்த நடுக்கத்துக்குக் கஷாயம் கேட்டு என்கிட்ட வந்திருக்காங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். எங்கப்பா எழுதி வச்ச மருந்து முறை அது. மூணு மாசத்துல ஒரு ஆள் இப்படி எழுந்து நடக்குறதை நான் பாத்ததே இல்ல. என் மருந்துதான்னு நெனச்சேன்.

— மன்னிச்சுக்கோங்க.

— அது போகட்டும். அப்ப உங்களை எது எழுப்புச்சுன்னு எனக்குத் தெரியணும். கஷாயம் இல்ல. ஊசி வாரத்துக்கு ஒரு தடவை, அது தூக்கத்துக்கும் கழுத்து இறுக்கத்துக்கும் கொஞ்சம் உதவியிருக்கலாம். நாலு கிண்ணம் தூக்க வைக்காது. இந்த மூணு மாசத்துல உங்ககிட்ட மாறினது ஒண்ணே ஒண்ணுதான் ஐயா. சாப்பாடு.

— அப்படியா.

— ஆஸ்பத்திரி மாத்திரையும் இறைச்சியும் குடல்ல ஒரே வாசல் வழியாத்தான் உள்ள போகணும். இறைச்சி கூட்டமா வந்து முந்திக்கிட்டா மாத்திரை வெளியவே நிக்கும். உங்க கடை வாசல்ல மத்தியானம் ஆளுங்க நிக்கிற மாதிரி. காலைல ஒரு கிண்ணம், மத்தியானம் ஒரு கிண்ணம், அது மேல அரை மணியில மாத்திரை. மூணு வருஷமா அந்த மாத்திரைக்கு உள்ள போக வழியே கெடைக்கல. பன்னியை நிறுத்தினதும் வழி விட்டுருச்சு. சூசோக் அன்னிக்கு மறுபடி அடைச்சுக்கிச்சு.

— பாக்கெட்ல சாப்பாட்டுக்கு அப்புறம்னு போட்டிருக்கே.

— ஆரம்பத்துல குமட்டுதுன்னு சொன்னீங்களா?

— முதல் மாசம் வாந்தி.

— அதுக்காகப் போட்டிருப்பாங்க. அப்புறம் யாரும் அதை மாத்தல. நம்ம ஊர்ல தலைவலி மாத்திரைகூட சாப்பிட்டு அரை மணி கழிச்சுத்தான், கேக்கவும் தோணாது. நான் உங்க ஆஸ்பத்திரி டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தர்றேன். நேரத்தை அவங்கதான் மாத்தணும், நீங்களா மாத்தாதீங்க.

— சரி. அவகிட்ட மட்டும் சொல்லாதீங்க.

— ஐயா.

— எதை வேணும்னாலும் சொல்லுங்க. நான் குடிக்கலன்னு சொல்லுங்க, மரத்துக்கு ஊத்தினேன்னு சொல்லுங்க, திட்டுவா, வாங்கிக்கிறேன். சூப்புதான் என்னைப் பூட்டி வச்சுதுன்னு மட்டும் சொல்லாதீங்க.

— ஏன்?

— போன வருஷம் ஒரு நாள் காலைல, இன்னிக்கு எனக்குச் சூப்பு வேணாம்னேன். சும்மாதான் சொன்னேன், வயிறு உப்புசம். அவ ஒரு கரண்டி எடுத்து வாயில வச்சுப் பாத்தா. இன்னொரு கரண்டி. ருசி போயிருச்சுன்னு முடிவு பண்ணிட்டா. ராத்திரி பூரா வெந்த அண்டா. மொத்தத்தையும் சாக்கடையில கொட்டிட்டு, கடையைச் சாத்திட்டு, சுவத்தைப் பாத்துப் படுத்துட்டா.

— ம்.

— இந்த நோவுன்னு சொன்ன அன்னிக்கு, ஆஸ்பத்திரில இருந்து வர்ற பஸ்ல அழுதா. கடைக்குத் திரும்பினதும் அழுகையை நிறுத்திட்டு ஏப்ரனைக் கட்டினா. நான் சாப்பாடு போட்டே உங்களை நிக்க வைக்கிறேன் பாருங்கன்னா. அதுல இருந்து என் கிண்ணத்துல கறி ரெண்டு மடங்கு. கிண்ணம் தூக்க முடியாத அளவுக்கு. அவகிட்டப் போய், நீ நிக்க வைக்கல, நீதான் உக்கார வச்சேன்னு எப்படிச் சொல்றது?

— எனக்குப் புரியுதுய்யா. ஆனா மரக்கடை பியோவைத் தெரியுமா?

— தெரியாம என்ன. எங்க கடை ஜன்னல் ஓரம்தான் அவரு இடம். அவருக்கும் இதே நோவு.

— உங்க மனைவி சொல்லித்தான் என்கிட்ட வந்தாரு. நேத்து அவரு மருமக வந்துச்சு. ஆஸ்பத்திரி மாத்திரையெல்லாம் வீண், சூப்புக் கடைக்காரரைக் கஷாயம்தான் எழுப்புச்சுன்னு பதினோரு நாளா மாத்திரையைத் தூக்கிப் போட்டிருக்காரு. பொதுக் குளியல் கூடத்துல வெந்நீர்த் தொட்டியில உக்காந்தவரு எந்திரிக்க முடியல. வாய் திறந்து கூப்பிடவும் முடியல. தண்ணி மூக்கு வரைக்கும் வந்தப்புறம்தான் யாரோ பாத்திருக்காங்க.

— உசுரு?

— இருக்கு. ஆஸ்பத்திரில சேத்திருக்காங்க. மாத்திரை சாப்பிடுறீங்களான்னு முதல் நாளே நான் கேட்டிருக்கணும். பெருமையில கேக்கல. அந்தப் பழி எனக்கு. ஆனா மீதி எட்டுப் பேரு இருக்காங்க, தினமும் உங்க கடையில கதை கேக்குறவங்க இருக்காங்க. அவங்க வாயில இருந்து அந்தக் கதை நிக்கணும்னா அவங்களுக்கு உண்மை தெரியணும். இன்னிக்கே தெரியணும்.

— சாகுற வரைக்கும் பன்னி கூடாதுன்னு இன்னொரு சீட்டு எழுதிக் குடுங்களேன். முத்திரை குத்தி. நான் கஞ்சி குடிச்சே காலத்தைத் தள்ளிடுறேன்.

— அது பொய்யில்லையா? அதுவும் தேவையே இல்லாத பொய். ராத்திரி நீங்க சூப்பு குடிக்கலாம் ஐயா.

— குடிக்கலாமா?

— கடைசி மாத்திரைக்கு அப்புறம், நேரம் விட்டு. பகல்ல நடக்கணும், வேலை செய்யணும், அப்பத்தான் மாத்திரை வேணும். ராத்திரி படுக்கப் போறீங்க. அப்ப வாசலைக் கறி அடைச்சா அடைக்கட்டும். ஆஸ்பத்திரியிலயும் இதையேதான் சொல்லுவாங்கன்னு நெனைக்கிறேன். கேட்டுக்குங்க. இளைச்ச உடம்புக்கு அது வேணும்கூட.

— ராத்திரி ஒரு கிண்ணம்.

— என்னய்யா, கண்ணு கலங்குது?

— மூணு மாசமா நாக்கு செத்துக் கெடக்குது டாக்டரம்மா. அவ சூப்பு மாதிரி இந்த ஊர்ல எவளும் வைக்க முடியாது. மேல உப்பு இறாலு ஒரு துளி, பச்சை வெங்காயத்தாளு…

— அந்தக் குறட்டை டாக்சி மேங்கோடது.

— …அம்மா.

— எனக்கு இன்னிக்குத் தூக்கமே வரல. மரக்கடைக்காரரு ஒரு வாரமாக் கடைக்கு வரலையேன்னு நெனச்சுட்டே படுத்திருந்தேன்.

— ஜேகு அம்மா. எதுல இருந்து கேட்டே?

— மரத்துல இருந்து.

— அம்மா, எந்திரிக்காதீங்க. முட்டியில ஏழு ஊசி இருக்கு. நான் வர்றேன்.

— எந்திரிக்கல. நீங்க அங்கயே நின்னு பதில் சொல்லுங்க. சூப்புதானா?

— சூப்பு கெட்டதில்லம்மா. மாத்திரையோட சேந்த நேரம்தான்…

— சூப்புதான்.

— …ஆமாம்மா.

— மத்தவங்களுக்கு ஒரு கை கறி. இவருக்கு ரெண்டு கை. மூணு வருஷம் என் கையாலயே அள்ளிப் போட்டேன்.

— நீ தெரிஞ்சா போட்டே?

— நீங்க சும்மா இருங்க. கூட்டத்துக்கு நடுவுல கால் ஒட்டிக்கிட்டு நிப்பீங்களே, அதுக்கு அரை மணி முன்னாடிதான் ஒரு கிண்ணம் குடுத்திருப்பேன். தெம்பு வரட்டும்னு.

— அம்மா, அழணும்னா அழுங்க. வெளிய யாரும் இல்ல.

— அழல. டாக்சிக்காரன் எந்திரிச்சிருவான். டாக்டரம்மா, ஊசியை எப்ப எடுப்பீங்க?

— இன்னும் ஆறு நிமிஷம்.

— எடுத்ததும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போறேன். மரக்கடைக்காரரு காதுல ஓதினது நான், நான்தான் மாத்திச் சொல்லணும். நீங்க சொன்னா, வைத்தியருக்கு வைத்தியர் பரிஞ்சு பேசுறாங்கன்னு நெனப்பாரு. பன்னிச் சூப்புக்காரியே தன் சூப்பைப் பத்திச் சொன்னா நம்புவாரு. கடையிலயும் எழுதித் தொங்கவிடப் போறேன். மாத்திரை சாப்பிடுறவங்க ஆஸ்பத்திரில நேரம் கேட்டுட்டு வந்து உக்காருங்கன்னு.

— நானும் உங்க கூட வர்றேன். என் பங்கும் இருக்கு.

— வாங்க. பெர்சிமன் பழத்துல பாதியை எடுத்துட்டுப் போவோம். …ஏங்க.

— ம்.

— சூப்பு என் தப்பு. அதை நான் ஏத்துக்கிறேன். ஆனா தினம் ரெண்டு வேளை அந்தக் கஷாயத்தைச் சுட வச்சுக் குடுத்தேனே, அடுப்புல அண்டா பொங்கினாலும் அதை முதல்ல பாத்தேனே. குடிக்கப் போறதில்லன்னா இங்க எதுக்கு வந்தீங்க? நானா கூப்பிட்டேன்? மழையில என் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தது யாரு?

— அதென்னவோ…

— அதென்னவோ எல்லாம் வேணாம். இன்னிக்குச் சொல்லணும்.

— அதுக்கு முந்தின நாள் மாத்திரை வாங்கப் போனேன்ல. மருந்துக் கடையில மாத்திரை எடுத்துக் குடுக்குற பொண்ணு கேட்டுச்சு, என்ன சாப்பிடுறீங்கன்னு. சொன்னேன்.

— சொல்லி?

— இப்ப டாக்டரம்மா சொன்னாங்களே, வாசல். அதையேதான் அதுவும் சொல்லுச்சு.

— அப்ப ஜூன்லயே தெரியுமா உங்களுக்கு? தெரிஞ்சு வச்சுக்கிட்டு இங்க வந்து மரத்துக்குக் கஷாயம் ஊத்திட்டிருந்தீங்களா? அன்னிக்கே வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?

— சொல்லத்தான் வந்தேன். நீ கறி வெட்டிட்டிருந்தே. ஒரு நல்ல துண்டா எடுத்துத் தனியா வச்சு, இது உங்களுக்குன்னே. வாய் வரல.

— அதுக்கும் இங்க வந்ததுக்கும் என்ன இருக்கு?

— கஷாயம் குடிக்கிறவன் பன்னி தொடக்கூடாதுன்னு ஊருக்கே தெரியும். உன் சூப்பை நான் வேணாம்னு சொன்னதா இருக்கக் கூடாது, ஜேகு அம்மா. அந்தச் சீட்டுக்காகத்தான் வந்தேன்.